நூலகத்தில் ஒரு ஸீன் அலமாரி: மலையகத்தில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை என்று இலங்கை மலையகத்தில் நம் பக்கத்துப் பட்டணங்களில் நகர சபையோ பிரதேச சபையோ மாநகர சபையோ நடத்தும் பொது நூலகங்கள் இருக்கின்றன. உள்ளே போனால் பத்திரிகை மேசையைச் சுற்றி நாலைந்து பெரியவர்கள் இருப்பார்கள். சோதனைக்குப் படிக்கும் பிள்ளைகள் ஒரு மூலையில் இருப்பார்கள். தேயிலைத் தோட்டத்தில் இருந்து வருகிறவர்கள் குறைவு. வந்தாலும் தங்கள் தோட்டத்தைப் பற்றி, தங்கள் ஆட்கள் எழுதியது என்று அலமாரியில் அவர்களுக்கு அதிகம் கிடைப்பதில்லை. காசும் ஆளும் குறைவான ஒரு நூலகம் இதற்கு என்ன செய்யலாம் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது ஸீன் அலமாரியைத்தான்.

ஸீன் என்பது ஒருவரோ இரண்டு மூன்று பேரோ சேர்ந்து தாங்களே எழுதி, வரைந்து, ஒட்டி, போட்டோகொப்பி எடுத்து, மடித்துக் கையில் கொடுக்கும் சின்னப் புத்தகம். பதிப்பகம் கிடையாது, விலையும் பெரும்பாலும் கிடையாது. 1930களில் அமெரிக்காவில் விஞ்ஞானக் கதை ரசிகர்கள் இப்படி அடித்துத் தபாலில் பரிமாறிக்கொண்டார்கள். 1970களில் லண்டன் பங்க் இசை ரசிகர்களும், 1990களில் பெண்ணியம் பேசிய இளம் பெண்களும் போட்டோகொப்பி இயந்திரத்தை வைத்து இதையே செய்தார்கள். நூலகங்கள் கொஞ்சம் பிந்தித்தான் விழித்துக்கொண்டன. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி பொது நூலகம் 1997இல் ஸீன்களைச் சேர்க்கத் தொடங்கியது. நியூயோர்க்கின் பார்னார்ட் கல்லூரி நூலகம் 2003இல் தொடங்கியது.

நமக்கும் இது அந்நியமான காரியம் இல்லை. 1931இல் ஹட்டனில் தொழிற்சங்கம் தொடங்கிய கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், தொழிலாளர் படும் பாட்டைப் பாட்டாகக் கட்டிச் சின்னப் பிரசுரங்களாக அச்சிட்டு, கூட்டங்களில் அவரே பாடினார். கொழுந்து, தீர்த்தக்கரை போன்ற சிறு சஞ்சிகைகள் இந்த மலைகளில் இருந்து வந்தன. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துச் சஞ்சிகை போட்டவர்கள் இதை வாசிப்பவர்களில் பலர் இருப்பீர்கள். அந்தச் சஞ்சிகைகளில் எத்தனை இன்று எங்காவது ஒரு அலமாரியில் இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள்.

நான் சொல்லும் முறையில் ஒரு பிடிவாதம் உண்டு. வெளியில் இருந்து ஸீன்களை வாங்கி அடுக்கித் தொடங்காதீர்கள். அலமாரியின் முதல் பத்துப் பிரதிகளும் உங்கள் நூலகத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில், கிராமங்களில், கடைவீதியில் இருக்கிறவர்கள் செய்தவையாக இருக்கட்டும். தான் செய்த புத்தகம் நூலகத்தில் இருக்கிறது என்று தெரிந்த ஆள் அதைக் காட்டத் தன் வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வருவார். எவ்வளவு நல்ல வெளியூர் ஸீனும் அந்த வேலையைச் செய்யாது.

அனுமதி

பொது நூலகம் உள்ளூராட்சி சபையின் கீழ் வருவது. அதனால் நூலகரிடம் பேசிய கையோடு சபைச் செயலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். கேட்பது குறைவாக இருந்தால் கிடைப்பது சுலபம்: ஒரு தட்டு, மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் இரண்டு மணித்தியாலம், ஒரு மேசை. நூலகத்தில் வாசகர் வட்டம் இருந்தால் அதன் பெயரில் கேளுங்கள். தனி ஆள் கேட்பதை விட அது எடுபடும்.

‘தோட்டத்து ஆட்களுக்கு எதற்கு, அது எங்கள் எல்லைக்குள் வராதே’ என்ற பழைய பேச்சு எங்காவது எழுந்தால் பணிவாக ஒன்றைச் சொல்லலாம். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. தோட்டப் பகுதிகளிலும் சபைகள் வேலை செய்ய அந்தத் திருத்தம் வழி திறந்தது.

நல்ல சந்தர்ப்பம் ஒக்டோபர். தேசிய வாசிப்பு மாதம் என்பதால் நூலகங்கள் எப்படியும் ஏதாவது செய்தாக வேண்டும். ஆகஸ்டிலேயே போய்ப் பேசினால் உங்கள் பட்டறையை நிகழ்ச்சி நிரலில் போட்டுவிடுவார்கள், தாளும் போட்டோகொப்பியும் சபைச் செலவில் கிடைக்கக்கூடும்.

கட்சி, சங்கம் விஷயத்தில் ஆரம்பத்திலேயே தெளிவாக இருங்கள். நம் பக்கத்தில் ஒரு தோட்டத்திலேயே இரண்டு மூன்று தொழிற்சங்கங்கள் இருக்கும். யாருடைய துண்டுப்பிரசுரமும் இந்த அலமாரிக்கு வராது, யாருடைய படமும் அட்டையில் வராது என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பிறகு சங்கடம் இல்லை. சம்பளத்தைப் பற்றியோ வீட்டுக் காணியைப் பற்றியோ ஒருவர் தன் சொந்த அனுபவத்தை எழுதுவது வேறு. அதற்கு இடம் கட்டாயம் இருக்க வேண்டும். அதை எடுத்துவிட்டால் இந்த அலமாரிக்கு அர்த்தமே இல்லை.

ஒரு தாள், எட்டுப் பக்கம்

முதல் பட்டறைக்கு ஒரே ஒரு வடிவம் போதும்: ஒரு ஏ4 தாளில் எட்டுப் பக்கச் சின்னப் புத்தகம். ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 74 மில்லிமீற்றர் அகலம், 105 மில்லிமீற்றர் உயரம் வரும். சட்டைப் பைக்குள் போகும் அளவு.

தாளை அகலவாட்டில் மேசையில் வையுங்கள். இடது ஓரத்தை வலது ஓரத்தோடு சேர்த்துப் பாதியாக மடியுங்கள். அதே போல இன்னொரு தடவை மடியுங்கள். அப்புறம் மேல் ஓரத்தைக் கீழ் ஓரத்தோடு சேர்த்து மடியுங்கள். விரித்தால் எட்டுக் கட்டம் தெரியும். இப்போது முதல் மடிப்பை மட்டும் திரும்ப மடித்து, மடிந்த ஓரத்தில் இருந்து நடுக்கோட்டின் மேல், அடுத்த மடிப்புக்கோடு வரைக்கும் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். அதற்கு மேல் ஒரு இழை கூடப் போகக் கூடாது. தாளை முழுக்க விரித்தால் நடுவில் இரண்டு கட்ட நீளத்துக்கு ஒரு கீறல் இருக்கும். நீளவாட்டில் மடித்துக் கீறல் மேலே வருமாறு பிடித்து, இரண்டு முனைகளையும் உள்ளே தள்ளினால் கீறல் வாய் திறக்கும், தாள் நான்கு இதழாக நிற்கும். அதைச் சுற்றி மடித்தால் புத்தகம் ஆகிவிட்டது. பசையும் வேண்டாம், ஸ்டேப்ளரும் வேண்டாம்.

பக்க ஒழுங்கு தெரியாமல் எழுதினால் பாதி எழுத்துத் தலைகீழாகப் போகும். அதற்கு ஒரு வழி, வெற்றுத் தாளில் புத்தகத்தை மடித்துப் பென்சிலால் 1 முதல் 8 வரை இலக்கமிட்டு விரித்துப் பார்ப்பது. கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக 6, 7, 8, 1 என்று வரும். 8 பின்னட்டை, 1 முன்னட்டை. மேல் வரிசையில் 5, 4, 3, 2 தலைகீழாக வரும். பிள்ளைகள் இதை ஒரு தடவை தாங்களே செய்து பார்த்துவிட்டால் நீங்கள் விளக்கவே தேவையில்லை, பக்கத்தில் இருக்கும் பெரியவர்களுக்கு அவர்களே சொல்லிக்கொடுப்பார்கள்.

எல்லாப் பக்கமும் தாளின் ஒரு பக்கத்தில்தான் இருக்கின்றன. அதனால் ஒரு பிரதிக்கு ஒரு போட்டோகொப்பிதான் செலவு, பத்துப் பிரதிக்குப் பத்துத் தாள். பின்பக்கம் வெறுமையாக இருப்பதால் விரும்பினால் முழுத் தாளுக்கும் ஒரு படமோ தோட்டத்து வரைபடமோ போடலாம். புத்தகத்தை விரிக்கிறவருக்கு அது கிடைக்கும்.

கொமியூனிகேஷன் கடையில் போட்டோகொப்பி போடும்போது கவனிக்க வேண்டியவை சில. இயந்திரம் தாளின் ஓரங்களை முழுதாகப் பிடிக்காது, ஆகவே ஓரத்தில் ஒரு சென்டிமீற்றர் இடம் விட்டு எழுதச் சொல்லுங்கள். பென்சில் கோடு மங்கலாக வரும், வெளிர் நீலம் வராமலே போகும். கறுப்புப் பேனைதான் பாதுகாப்பு. மூலத்தாளில் ஒட்டுத் துண்டின் ஓரம் நிழலாக விழுந்தால் டிப்பெக்ஸ் பூசுங்கள். மூலத்தாளை மடிக்காமல் ஒரு பைல் கவரில் வையுங்கள், கடையில் மறந்து விட்டுவிட்டு வராதீர்கள். மடித்த தாளில் கொப்பி எடுத்தால் மடிப்புக்கோடுகளும் கறுப்பாக வரும். அழகான கோடுகள்தான், ஆனால் எழுத்தின் மேல் விழும்.

என்ன எழுதுவது

பட்டறையின் கஷ்டமான இடம் இதுதான். தாள் மடிக்க எல்லோரும் சந்தோஷமாக வருவார்கள். வெற்றுப் பக்கத்தைப் பார்த்ததும் ‘எனக்கு என்ன தம்பி எழுத இருக்கு’ என்று கையைக் கட்டிக்கொள்வார்கள். அப்போது தலைப்புக் கொடுக்காதீர்கள். ‘மலையகத்தின் எதிர்காலம்’ என்று கொடுத்தால் தமிழ்த்தினப் போட்டிக்குப் போகும் கட்டுரைதான் வரும். சின்னக் கேள்வி கேளுங்கள். ‘அக்கா, காலையில எழும்பினதில இருந்து பெரட்டுக்குப் போற வரைக்கும் என்னென்ன செய்வீங்க, ஒவ்வொண்ணா சொல்லுங்க.’ பெரட்டு என்றால் காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். அவர் சொல்லத் தொடங்கினால் எட்டுப் பக்கம் போதாது.

நல்ல பலன் தந்த கேள்விகள் இன்னும் சில. உங்கள் லயத்தில் (வரிசை வீடுகளில்) யார் யார் இருந்தார்கள், காம்பராவாரியாக (அறைவாரியாக)ச் சொல்லுங்கள். பிள்ளை மடுவத்தில் உங்களைப் பார்த்துக்கொண்டவர் யார்? காய்ச்சலுக்கு அம்மாயி என்ன கஷாயம் வைப்பார்? கொழும்புக்கு வேலைக்குப் போன அண்ணன் முதல் சம்பளத்தில் என்ன வாங்கி வந்தார்? மழைக்கு மண் சரிந்த ராத்திரி எங்கே போய்ப் படுத்தீர்கள்?

தொழில் சொற்களை வைத்துச் செய்யும் ஸீன் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் எழுத வராதவரும் அதில் முழுப் பங்கு எடுக்கலாம். முன்னட்டையில் ‘எங்க மலை வேலை’. இரண்டாம் பக்கத்தில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் (கிளை நறுக்கும்) கத்தியின் படம், கீழே யார் கவ்வாத்து வெட்டுவார், எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை என்று இரண்டு வரி. மூன்றில் மண்ணைக் கிளறும் முள்ளு, முள்ளுக்குத்து. நான்கில் கான் (வடிகால்) வெட்டுகிறவர் காலையில் எப்படி அளந்து வாங்குவார் என்பது. ஐந்தில் கொழுந்துக்குப் போகும் பெண் இடுப்பில் படங்கு (சாக்கு) கட்டும் முறை, முடிச்சு எந்தப் பக்கம் வரும் என்பது வரை படமாக. ஆறில், கொழுந்து எடுக்கும் மட்டத்தைப் பார்க்கச் செடி மேல் வைக்கும் மட்டக்கம்பு. ஏழில் பேர், அரைப்பேர், கைக்காசு, கொந்தரப்பு என்றால் என்ன என்று அவர்கள் பேச்சிலேயே. பின்னட்டையில் சொன்னவர் பெயரும் வரைந்தவர் பெயரும். ஒரு அம்மா சொல்ல, மகள் எழுத, பேரன் வரைய ஒரே மேசையில் முடிகிற வேலை. இந்தச் சொற்களில் பல இன்று பட்டணத்தில் வளரும் பிள்ளைகளுக்குத் தெரியாது. இருபது வருஷம் கழித்து ஒரு ஆராய்ச்சி மாணவர் இதைத் தேடி வருவார் என்று நம்புகிறேன். வராவிட்டாலும் அந்த மகளிடம் ஒரு பிரதி இருக்கும்.

இன்னொரு பெரிய சுரங்கம் கடிதங்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பிறகு இந்தியாவுக்குக் கப்பல் ஏறிப் போனவர்களிடம் இருந்து நீலகிரியில் இருந்தும் மற்ற ஊர்களில் இருந்தும் வந்த கடிதங்களை இன்னும் தகரப் பெட்டியில் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. மூலக் கடிதத்தை வெட்டவோ ஒட்டவோ விடாதீர்கள். போட்டோகொப்பியை மட்டும் பயன்படுத்துங்கள், மூலத்தை அன்றைக்கே கையோடு வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். கடிதத்தில் இருக்கும் முகவரிகளை மறைத்துவிட்டுக் கொப்பி எடுங்கள். மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துப் பாட்டுகளையும் பலர் போட விரும்புவார்கள். அதற்கு முன் அந்தத் தோட்டத்துக் கூத்து வாத்தியாரிடம் போய்க் கேட்க வேண்டும். சில பாட்டு மாசியில் கம்பம் நட்ட பிறகுதான் பாடலாம் என்று சொல்லும் வாத்தியார்கள் உண்டு. எது தாளில் வரலாம், எது வரக் கூடாது என்பதை அவர் சொல்லட்டும்.

எழுத்துப் பிழை திருத்துவதைப் பற்றி அழுத்தமாக ஒன்று சொல்ல வேண்டும். பட்டறைக்கு உதவ வரும் ஆசிரியர்கள் நல்ல மனதோடுதான் சிவப்புப் பேனையை எடுப்பார்கள். தயவுசெய்து அதை வாங்கி வைத்துவிடுங்கள். ‘வந்தாங்க, போனாங்க’ என்று எழுதியவர் அப்படித்தான் பேசுகிறார். ‘வந்தனர், சென்றனர்’ என்று மாற்றினால் எழுதியவருக்கே அது தன்னுடையதாகத் தெரியாது. ஐம்பது வயதில் முதல் தடவை பேனை பிடித்த ஒருவரின் வரியில் நாலு பிழை போட்டுக் காட்டினால் அடுத்த மாதம் அவர் வரமாட்டார். எழுதியவரே ‘இது சரியா சேர்?’ என்று கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

எழுதத் தெரியாதவர் சொல்லி இன்னொருவர் எழுதினால், அட்டையில் பெரிதாகப் போட வேண்டியது சொன்னவரின் பெயர். எழுதியவர் பெயர் கீழே ‘எழுதிக் கொடுத்தவர்’ என்று வரட்டும்.

பெயர் போடலாமா

தோட்டம் சின்ன இடம். ஒரு வரியை வாசித்தாலே இது யார் வீட்டு விஷயம் என்று லயம் முழுக்கத் தெரிந்துவிடும். குடித்துவிட்டு வரும் கணவனைப் பற்றியோ, வேலைத்தலத்தில் ஒருவர் நடந்துகொண்ட விதத்தைப் பற்றியோ ஒரு பெண் எழுதினால், அந்த எட்டுப் பக்கத்தால் அவருக்கு வரக்கூடிய பிரச்சினைக்கு நூலகமும் பொறுப்பு. அதனால் ஸீனை வாங்கும்போதே நான்கு கேள்விகள் உள்ள ஒரு சின்னச் சீட்டை நிரப்பச் சொல்லுங்கள். வாசிக்கச் சிரமப்படுபவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அட்டையில் என்ன பெயர் வர வேண்டும், சொந்தப் பெயரா, புனைபெயரா, பெயரே வேண்டாமா? தோட்டத்தின் பெயரைப் போடலாமா? நூலகத்துக்குள் மட்டும் வாசிக்கலாமா, வீட்டுக்கும் கொண்டுபோகலாமா? போட்டோகொப்பி எடுக்கவும் இணையத்தில் போடவும் சம்மதமா? கடைசியில் ஒரு வரி: ‘எப்போது வேண்டுமானாலும் இதைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம்.’ அந்த வரியை வாயாலும் சொல்லுங்கள். ஒருவர் திருப்பிக் கேட்டால் காரணம் கேட்காமல் கொடுத்துவிடுங்கள்.

வெளிநாட்டு ஸீன் நூலகர்கள் தங்களுக்குள் உடன்பட்டு எழுதிய நெறிமுறைகளிலும் இதுதான் முக்கியமாக வருகிறது. ஐம்பது பேர் கையில் போகும் என்று நினைத்து ஒருவர் எழுதியதை உலகம் முழுக்கப் பார்க்கும்படி போடுவதற்கு அவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். நம்மிடம் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணைய எண்ணிம நூலகம் மலையக ஆவணங்களையும் சேர்த்து வைத்திருக்கிறது. அங்கே கொடுத்தால் நெடுங்காலம் இருக்கும், ஆனால் சம்மதச் சீட்டில் ‘ஆம்’ என்று போட்டவற்றை மட்டும் கொடுங்கள்.

மற்றவர்களைப் பற்றி எழுதும்போது அவர்களின் பெயரை மாற்றச் சொல்லுங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும், அட்டையில் முதற்பெயர் மட்டும் போதும். உரிமை விஷயத்தில் பயப்பட ஒன்றும் இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவருக்கே பதிப்புரிமை. எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை, அவர் காலத்துக்குப் பிறகும் 70 வருஷம் அந்த உரிமை இருக்கும். அதே சட்டம் நம்மையும் கட்டும்: சினிமாப் பாட்டு வரிகளையும் பத்திரிகைப் படங்களையும் வெட்டி ஒட்டுவதைத் தவிருங்கள். தாங்களே வரையட்டும்.

பதிவும் அடுக்கும்

நூலகத்தில் பொருளுக்கு ஒரு எண் கொடுக்கும் தூவி முறையில் புத்தகங்களை அடுக்குவார்கள். ஸீனை அந்த எண்களுக்குள் பிரித்துப் போட்டால் 398இல் ஒன்று, 920இல் ஒன்று என்று தடித்த புத்தகங்களுக்கு நடுவே காணாமல் போய்விடும். எல்லாவற்றையும் ஒரே தட்டில், முன்னட்டை தெரியும்படி, இடத்தின் பெயரில் வையுங்கள்: மஸ்கெலியா, பொகவந்தலாவ, அக்கரப்பத்தனை, ஹப்புத்தளை. பொருள்வாரியாக அடுக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நம் ஆட்கள் உள்ளே வந்ததும் கேட்பது ‘எங்க பக்கத்து ஆட்கள் எழுதினது இருக்கா’ என்றுதான். இடம் சொல்ல வேண்டாம் என்றவர்களின் ஸீன்களுக்கு ‘ஊர் சொல்லாதவை’ என்று தனிப் பெட்டி வையுங்கள்.

பதிவுக்கு ஒரு சீஆர் கொப்பி (தடித்த அட்டை போட்ட கொப்பி) போதும். இலக்கம், தலைப்பு, அட்டையில் உள்ள பெயர், இடம், வந்த திகதி, எத்தனை பிரதி, என்னென்ன சம்மதம் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். தொலைபேசி இலக்கமும் உண்மைப் பெயரும் இந்தக் கொப்பியில் வரக் கூடாது. அவை சம்மதச் சீட்டோடு நூலகரின் பூட்டிய இழுப்பறைக்குள் போக வேண்டும். தலைப்பைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வையுங்கள். பல நூலகங்களில் வேலை செய்கிறவர்கள் இரண்டில் ஒரு மொழிதான் சரளமாக வாசிப்பார்கள், பதுளை, கண்டிப் பக்கம் சிங்களப் பிள்ளைகளும் மேசைக்கு வருவார்கள். ஒரே ஸீனில் இடப்பக்கம் தமிழும் வலப்பக்கம் சிங்களமுமாக இரண்டு சிநேகிதிகள் சேர்ந்து செய்தால் அதற்கு அலமாரியில் முன்வரிசை கொடுங்கள்.

பார்னார்ட் நூலகத்தின் ஒரு வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ஸீனிலும் இரண்டு பிரதி வாங்குவார்கள், ஒன்று பாதுகாப்புக்கு, ஒன்று வாசிப்புக்கு. நான் மூன்றாவது ஒன்றையும் சேர்ப்பேன்: சம்மதம் இருந்தால், யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்டு போக வாசலில் ஒரு தட்டில் வைக்கும் பிரதி. நூலக அங்கத்துவம் எடுக்க முகவரி அத்தாட்சியும் கையொப்பமும் கேட்பார்கள், லயத்து வீட்டுக்குச் சொந்த முகவரி இல்லாமல் கடிதங்கள் தோட்டக் கந்தோருக்கே வருகிற நிலை இன்னும் இருக்கிறது. அங்கத்துவம் இல்லாதவர் வெறுங்கையோடு போகாமல் இருக்க அந்தத் தட்டு உதவும்.

மழையும் பூஞ்சணமும்

ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே தொடக்கம் செப்டெம்பர் வரை, பதுளை, பண்டாரவளைப் பக்கம் வருஷக் கடைசியில், தாள் எப்போதும் ஈரம் குடித்துக்கொண்டே இருக்கும். பொலித்தீன் உறைக்குள் போட்டால் பாதுகாப்பு என்று நினைப்போம், ஆனால் ஈரம் உள்ளேயே அடைந்து பூஞ்சணம் பிடித்துவிடும். காகித உறையும் காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியும் நல்லது. வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். வெயில் அடிக்கும் நாளில் ஜன்னலைத் திறந்து பெட்டிகளையும் திறந்து வையுங்கள், நேரே வெயிலில் வேண்டாம். ஒன்றில் பூஞ்சணம் கண்டால் உடனே மற்றவற்றில் இருந்து பிரித்து, காயவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளியில் வைத்து மெல்லிய தூரிகையால் தட்டுங்கள்.

ஸ்டேப்ளர் கம்பி இந்தக் காலநிலையில் துருப்பிடித்துத் தாளையும் தின்னும். எட்டுப் பக்கத்துக்கு மேல் போகும் ஸீன்களுக்கு நடு மடிப்பில் மூன்று துளை போட்டு ஊசி நூலால் தையுங்கள்: நடுத் துளையில் உள்ளே போய், மேல் துளையால் வெளியே வந்து, கீழ்த் துளையால் மறுபடி உள்ளே போய், நடுத் துளையால் வெளியே வந்து முடிச்சு. இங்க்ஜெட் அச்சு ஈரக் கையில் கரையும், போட்டோகொப்பியும் லேசர் அச்சும் கரையாது. பாதுகாப்புப் பிரதியைக் கட்டாயம் அப்படியே எடுங்கள்.

அலமாரியைத் தோட்டத்துக்குக் கொண்டுபோவது

மலையில் இருந்து இறங்கி, கொழுந்து நிறுத்து, பிள்ளையைக் கூட்டி, அடுப்பு மூட்டி முடிக்கும்போது நூலகம் மூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பட்டணத்துக்குப் போய்வர பஸ் காசு வேண்டும். ஆகவே பட்டறை ஒன்றிரண்டு நடந்த பிறகு, வாசிப்புப் பிரதிகளை ஒரு பெட்டியில் போட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுபோங்கள். கோயில் மண்டபம், பழைய வாசிகசாலை, பள்ளிக்கூட வகுப்பறை, எது திறக்குமோ அது. தோட்டத்துக் கட்டடம் என்றால் தொரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) முன்கூட்டிக் கேட்க வேண்டும். நூலகரின் கடிதம் கையில் இருந்தால் பெரும்பாலும் சம்மதம் கிடைக்கும். தலைவர்மாரை விட அந்த லயத்தில் எல்லோரும் மதிக்கும் ஒரு அக்காவிடம் முதலில் பேசுங்கள். பெண்கள் வருவதும் வராததும் அவர் சொல்லில்தான் இருக்கிறது.

சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறு வேண்டாம், எல்லோரும் பட்டணத்தில் இருப்பார்கள். திருவிழா வாரத்தில் பட்டறை வைக்காதீர்கள், ஆனால் பெட்டியைத் திறந்து வையுங்கள்; வெளியூரில் வேலை செய்கிற பிள்ளைகள் எல்லாம் அப்போதுதான் வீட்டில் இருப்பார்கள். பெட்டியில் வெற்றுத் தாளும் பேனையும் எப்போதும் இருக்கட்டும். ஒருவர் இன்னொருவரின் ஸீனை வாசித்துவிட்டு ‘எங்க மலையில இப்படி இல்ல’ என்று சொன்னால், அந்த நிமிஷமே ஒரு தாளை மடித்து அவர் கையில் கொடுக்க வேண்டும்.

ஒவ்வொரு வாசிப்புப் பிரதியின் பின்னட்டை உட்பக்கத்திலும் ஒரு துண்டுத் தாளைக் கோர்த்து வையுங்கள், வாசித்தவர்கள் எழுதியவருக்கு இரண்டு வரி எழுதட்டும். துண்டு நிரம்பியதும், மோசமாக ஏதும் இருக்கிறதா என்று ஒரு தடவை வாசித்துவிட்டு, எழுதியவரிடம் சேர்த்துவிடுங்கள். சபைக்கு அறிக்கை கேட்டால் சீஆர் கொப்பியும் இந்தத் துண்டுகளின் கொப்பியும் போதும்: இந்த வருஷம் வந்த ஸீன் எத்தனை, எந்தெந்தத் தோட்டத்தில் இருந்து, முதல் தடவையாக நூலகத்துக்கு வந்தவர் எத்தனை பேர். கிழிந்துபோன பிரதிகளையும் கணக்கில் காட்டுங்கள், பலர் கை பட்டதால்தான் கிழிந்திருக்கின்றன. பாதுகாப்புப் பிரதியில் இருந்து புதிதாக ஒன்று எடுத்து வைத்துவிடலாம்.

முப்பது நாற்பது ஸீன் சேர்ந்ததும் பக்கத்துப் பட்டண நூலகம் ஒன்றோடு பெட்டியை மாற்றிக்கொள்ளுங்கள். வெளியூருக்குப் போகலாமா என்று எழுதியவர்களிடம் கேட்டுவிட்டு, உங்களுடைய பத்தைப் பதுளைக்கோ மாத்தளைக்கோ அனுப்பி, அவர்களுடைய பத்தை மூன்று மாதத்துக்கு வாங்கி வையுங்கள். அனுப்பும் ஒவ்வொன்றின் இலக்கத்தையும் கொப்பியில் குறித்து, இரண்டு நூலகரும் கையொப்பம் இட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது பின்னால் கோர்த்த துண்டுகளும் கூட வருகின்றனவா என்று பாருங்கள்.